மீன் தொலைந்த இடம்



சனிக்கிழமை இரவு சம்பளப் பட்டுவாடா முடிந்து, இஷாவும் தொழுதபின், தூண்டில்களை எடுத்துக்கொண்டு புறப்படுவது எங்கள் குடும்பத்தின் நெடுநாள் வழக்கம். அண்ணன் தம்பிகள் மூவர். எங்களோடு எழுபதைக் கடந்த எங்கள் அத்தா. திருப்பூரிலிருந்து காங்கேயம் வழியாக, நொய்யல் ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் செல்வோம். அந்த ஊருக்கும் நொய்யல் என்றே பெயர். கஸ்ரு தொழுகைக்குரிய பயணத் தூரம் ஆகிவிட்டதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் வண்டியின் கிலோமீட்டர் முள்ளைப் பார்த்து எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடக்கும். “சந்தேகமாயிருந்தால் முழுதாகத் தொழுங்கள். இரண்டு ரக்அத்தை மிச்சம்பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று அத்தா முடித்துவைப்பார்.

கரையில் அமர்ந்து மண்புழுவை முள்ளில் கோத்து, ஈயக்குண்டு கட்டிய நரம்பை இருளுக்குள் வீசிவிட்டுக் காத்திருப்போம். கெண்டை கிடைக்கும், கெளுத்தி கிடைக்கும், பல நாள் ஒன்றும் கிடைக்காது. ஆயினும் பஜ்ருக்கு முன் அங்கே ஒரு காட்சி தவறாமல் நிகழும். நாங்கள் இருக்குமிடத்திலிருந்து பத்தடியில் நொய்யலின் நீர் ஓடிக்கொண்டிருக்கும். அத்தா அதில் உளூச் செய்யமாட்டார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இரு நீரும் கலக்கும் இடத்தைக் கடந்து மேலே நடந்து, காவிரி தனியாக வரும் படுகையில் இறங்கி உளூச் செய்துவிட்டுத் திரும்புவார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் ஏன் நடக்கவேண்டும் என்று இளையவன் ஒருநாள் கேட்டான்.

“இந்தத் தண்ணீர் இன்று எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதில் நான் என்னென்ன விட்டேன் என்பது எனக்குத் தெரியும்” என்றார் அத்தா.

அந்த ஒரு சொல்லின் பின்னால் இருப்பதைத்தான் இங்கே எழுதத் துணிகிறோம். அத்தாவிடம் அனுமதி பெற்றே எழுதுகிறோம்.

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு நொய்யல். காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். 1960களில் அத்தா சிறுவனாக இருந்தபோது, அவருடைய தந்தையார் அவரை அஸருக்குப் பின் ஆற்றுக்கு அழைத்துச் செல்வாராம். மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. பாட்டனார் கற்றுக்கொடுத்த முதல் பாடம் மீன் பிடிப்பதைப் பற்றியது அன்று. எதை எடுக்கக்கூடாது என்பதைப் பற்றியது. மல்லாந்து மிதக்கும் மீனைத் தொடாதே என்பதே அது. வெளிக்காரணம் எதுவுமின்றித் தானாகச் செத்து மிதக்கும் மீனை உண்பதில்லை என்பது நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. பாட்டனார் அதைச் சட்டமாகச் சொல்லவில்லை. “உயிரோடு இருப்பதைப் பிடி. செத்ததற்கு ஏதோ காரணம் இருக்கும்” என்றுதான் சொல்வாராம்.

பாட்டியார் மீன் கழுவும்போது பேரப்பிள்ளைகளான எங்களுக்கு ஒரு கதை சொல்வார். இப்ராஹீம் நபி (அலை) எறிந்த கத்தி தண்ணீரில் விழுந்து மீன்களின் கழுத்தைக் கீறிவிட்டதாம். செவுள் என்பது அந்தக் கீறல்தானாம். அதனால்தான் மீனை அறுக்க வேண்டியதில்லையாம். மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இல்லை என்பதை வளர்ந்தபின் அறிந்துகொண்டோம். கடலிலும் நீரிலும் வேட்டையாடியது நமக்கு ஆகுமாக்கப்பட்டது என்பது அல்-மாயிதா அத்தியாயத்தில் தெளிவாக இருக்கிறது. அதற்குக் கதை தேவையில்லை. எனினும் அந்தக் கதையில் ஒரு பணிவு இருந்தது. மீன் தன் கழுத்தை முன்பே கொடுத்துவிட்டு வந்திருக்கிறது, அதை வீணாக்காதே என்பதே பாட்டியார் சொல்ல வந்தது.

1980களில் பனியன் ஏற்றுமதி பெருகியபோது அத்தா சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். விஞ்ச் எந்திரத்தின் முன் நின்று துணி சுற்றியவர், 1988இல் இருவருடன் கூட்டுச் சேர்ந்து சொந்தமாக ஒரு சிறு பட்டறை தொடங்கினார். அந்தத் தொழிலைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். உப்புதான் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குள் தள்ளுகிறது. வேலை முடிந்தபின் சாயம் துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது. மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறும். எங்கே வெளியேறும்? பட்டறைகள் ஆற்றோரம் இருந்ததற்குக் காரணமே அதுதான். பகலில் தொட்டியில் தேக்கி, இரவில் திறந்துவிடுவார்கள். விடுவார்கள் என்று எழுதுவது சரியன்று; விட்டோம். நாங்கள் உண்ட சோறும், படித்த படிப்பும், எங்கள் சகோதரியின் நிக்காஹ்வும் அந்தப் பட்டறையின் வருமானம்.

நொய்யலில் அன்றைக்கு ஏற்றுமதியாகும் சட்டையின் நிறம் ஓடியது. காலையில் மக்தபில் ஹஜ்ரத் எங்களுக்குப் பாடம் நடத்துவார்: தண்ணீருக்கு மூன்று தன்மைகள் உண்டு, நிறம், சுவை, மணம். இவை கெட்டால் உளூவுக்கு ஆகுமா என்று ஆராயவேண்டும். நாங்கள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் பாலத்தின் வழியாகப் பள்ளிக்கூடம் போவோம். கீழே ஓடும் நீரில் அந்த மூன்றும் கெட்டிருக்கும். பாடத்தையும் பாலத்தையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் ஆற்றின் ஒரு மடுவில் மீன்கள் வெள்ளை வெள்ளையாக மல்லாந்து மிதந்தன. தெருப் பிள்ளைகள் கூடையோடு ஓடினார்கள். நாங்களும் ஓடி ஒரு கூடை அள்ளிவந்தோம். பாட்டியார் வாசலிலேயே நிறுத்திவிட்டார். “இது அல்லாஹ் கொடுத்த மீன் அல்ல, எவனோ கொன்ற மீன். கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வாருங்கள்” என்றார். திண்ணையில் அமர்ந்திருந்த அத்தா தலை நிமிரவில்லை. அதன்பிறகு அவர் பல ஆண்டுகள் தூண்டிலைத் தொடவில்லை.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டிமுடிக்கப்பட்டது. சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காக எழுந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது சாயக்கழிவு என்றாகி, அதைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. தண்ணீர் கேட்டு உழவர்கள் போராடுவதை உலகம் கண்டிருக்கிறது. வேண்டாம் என்று போராடவைத்தது எங்கள் ஊர். கிணறுகள் உப்பாயின, தென்னைகள் காய்ப்பு இழந்தன. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2006இலேயே தீர்ப்பு வந்தும் கழிவு நிற்கவில்லை. இறுதியாக 2011 ஜனவரியில், சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன, எங்களுடையதும் நின்றது.

அந்த நாள்களில் ஊரே புலம்பியது. நாங்களும் புலம்பினோம். எங்கள் ரிஸ்க்கைப் பறித்துவிட்டார்களே என்று பள்ளிவாசல் முற்றத்தில் பேசாதவர் இல்லை. வேலையின்றி வீட்டிலிருந்த அத்தா, ஒரு ஜும்ஆ நாள் காலை வழக்கம்போல அல்-கஹ்ஃப் ஓதிக்கொண்டிருந்தார். மூஸா நபியும் (அலை) அவருடைய பணியாளரும் இரு கடல்கள் கூடும் இடத்தைத் தேடிச் செல்லும் நிகழ்ச்சி வந்தது. உணவுக்காகக் கொண்டுசென்ற மீன், ஒரு பாறையருகே தன் வழியைத் தேடிக் கடலுக்குள் சென்றுவிடுகிறது. அதைச் சொல்லப் பணியாளர் மறந்துவிடுகிறார். களைத்துப் பசித்துச் சாப்பாட்டைக் கேட்கும்போதுதான் மீன் நினைவுக்கு வருகிறது. அந்த இடம்தானே நாம் தேடியது என்று கூறி, மூஸா நபி (அலை) வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி நடக்கிறார்கள்.

நூற்றுக்கணக்கான முறை ஓதிய பகுதி அது. அன்று அத்தா குர்ஆனை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு எங்களை அழைத்தார். “மீன் எங்கே தொலைந்ததோ அங்கேதான் திரும்பிப் போகச் சொல்கிறான். நாம் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறோம்” என்றார்.

ஹஜ்ஜுக்கென்று அவர் பணம் சேர்த்து வைத்திருந்தார். சேர்த்தும் பல ஆண்டுகளாக விண்ணப்பிக்காமல் தள்ளிப்போட்டு வந்தார். காரணத்தை அன்றுதான் சொன்னார். அடியார்களுக்கு இழைத்த அநீதியை, அந்த அடியார் மன்னிக்காதவரை தௌபாவால் மட்டும் தீர்த்துக்கொள்ள முடியாது என்பதை நாமெல்லாம் பயானில் கேட்டிருக்கிறோம். அரஃபாவில் நின்று கையேந்தும்போது ஒரத்துப்பாளையத்தில் எவரேனும் எனக்கு எதிராகக் கையேந்திக்கொண்டிருந்தால் என்ன செய்வேன் என்பதே அவருடைய அச்சம்.

அடுத்த வாரம் அணைக்கு அருகிலிருந்த ஓர் ஊருக்குச் சென்றோம். துணி வியாபாரக் காலத்தில் அத்தாவுக்குப் பழக்கமான ஒரு பெரியவர் அங்கே இருந்தார். அவருடைய தோட்டத்துக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து ஊற்றினால், காய்ந்தபின் தரையில் வெண்மை படிந்தது. தென்னைகள் மொட்டையாக நின்றன. அத்தா சுற்றிவளைக்காமல் பேசினார். “ஐயா, நான் பட்டறை நடத்தியவன். இந்த உப்பில் என் பங்கும் இருக்கிறது. எவ்வளவு என்று எனக்குக் கணக்குத் தெரியாது. என்னால் இயன்றது இது” என்று பணப்பையை வைத்தார்.

பெரியவர் பையைத் திருப்பித் தள்ளினார். நெடுநேரம் கழித்து, “நா மன்னிச்சுட்டனுங்க பாய். இத்தனை வருசத்துல கேக்கோணும்னு வந்த மொத ஆள் நீங்கதானுங்க. ஆனா நா மன்னிச்சாப் போதுமுங்களா? அந்தக் கெணத்துகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க” என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை அவர். திரும்பும் வழியெல்லாம் அத்தா அழுதார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி அவ்வூரில் குடிதண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த வீடுகளுக்குச் செலவாயிற்று. பட்டறையை அவர் மீண்டும் திறக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, எஞ்சிய தொகையோடு எங்கள் உழைப்பையும் சேர்த்து ஹஜ் நிறைவேற்றினார், அல்ஹம்துலில்லாஹ். ஊர் திரும்பியபின் தூண்டிலை எடுக்கச் சொன்னார். ஆறு காவிரியைச் சேரும் இடத்துக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டார். எங்கள் சனிக்கிழமைப் பயணம் அப்படித் தொடங்கியதுதான்.

சென்ற ஐப்பசியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். மேற்கே நல்ல மழை. இரு ஆறுகளிலும் புதுவெள்ளம். நள்ளிரவுக்குப் பின் இளையவனின் நரம்பு விண்ணென்று இழுபட்டது. அரைமணி நேரம் போராடிக் கரைசேர்த்தபோது கைவிளக்கு வெளிச்சத்தில் நெளிந்தது ஒரு விலாங்கு. ஒன்றரை முழத்துக்குக் குறையாது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்று வசவாகச் சொல்வோமே, அந்த விலாங்குதான். ஹனஃபி நூல்களில் அது மீனினத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது, உண்பதற்குத் தடையில்லை. சந்தையில் நல்ல விலையும் உண்டு.

மூத்தவன் மெர்ச்சண்டைசராக வேலை பார்ப்பவன். சில நாள்களுக்கு முன் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த பையர் ஒருவர், நிற ஒப்புதலுக்காகக் காத்திருந்த வேளையில் தம் கைபேசியில் ஒரு மீனின் படம் காட்டினாராம். கட்த்ரோட் ட்ரௌட் என்று பெயர். தாடைக்குக் கீழே கத்தியால் கீறியதுபோல் ஒரு சிவப்புக் கோடு. ஆற்றில் பிறந்து, வளர்ந்து, வசந்த காலத்தில் கடலோரம் சென்று மேய்ந்துவிட்டு, இலையுதிர் காலத்தில் தன் ஆற்றுக்கே திரும்பிவிடுமாம். அவருடைய வாஷிங்டன் மாநிலத்தில், கடலில் அகப்படும் அந்த மீனைப் பிடித்தவர் மீண்டும் நீரிலேயே விட்டுவிடவேண்டும் என்பது விதி. பாட்டியாரின் இப்ராஹீம் நபி கதை மூத்தவனுக்கு நினைவு வந்ததாம். அவர்கள் நாட்டு ஆற்றுக்குக் காவலாகச் சட்டம் இருக்கிறது; அவர்கள் அணியும் சட்டைக்கு நிறம் கொடுத்தது எங்கள் ஆறு. இதை அவன் பையரிடம் சொல்லவில்லை; எங்களிடம் சொன்னான்.

நம் காவிரியிலும் கடலுக்கும் ஆற்றுக்கும் நடந்த மீன்கள் உண்டு. உல்லம் என்னும் மீன் கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வரும். 1934இல் மேட்டூர் அணை எழுந்து, வெள்ளம் அடக்கப்பட்டபின் அதன் வரத்துக் குறைந்துபோயிற்று. விலாங்கின் பயணம் அதற்கு நேர்மாறானது. அது ஆழ்கடலில் பிறக்கிறது. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் குஞ்சாகக் கரைக்கு வந்து, ஈரச்சுவர்களில் ஊர்ந்தேறி, ஆற்றுக்குள் நுழைந்து, ஆண்டுக்கணக்கில் நன்னீரில் வாழ்கிறது. பருவம் வந்ததும் மழைவெள்ளத்தோடு கடலுக்கு இறங்கி, அங்கே முட்டையிட்டு வாழ்வை முடித்துக்கொள்கிறது. நொய்யலூரிலிருந்து அது போவதானால் மாயனூர் கதவணை, முக்கொம்பு மேலணை, பிறகு கல்லணையோ கொள்ளிடத்துக் கீழணையோ. இத்தனையையும் தாண்டவேண்டும்.

அத்தா விளக்கை அதன்மேல் பிடித்துப் பார்த்தார். “ஹலால்தான். உங்களைத் தடுக்கமாட்டேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “இந்த வெள்ளத்தில் இது கீழே போவதற்கு வந்தது. முசாஃபிர். நமக்குப் பசியில்லை, கூடையில் கெண்டை இருக்கிறது” என்றார்.

இளையவனுக்கு மனமில்லை. மூன்று மாதமாகக் கெளுத்தியைத் தவிர எதையும் காணாதவன் அவன். அவனாகவே முடிவெடுக்கட்டும் என்று நாங்கள் பேசாமலிருந்தோம். முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. இழுத்தால் குடலும் வரும். வாயருகே நரம்பை அறுத்து, சேற்றோடு சேர்த்துத் தள்ளிவிட்டான். இருளில் ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். “பிழைக்குமா அத்தா?” என்றான். “அது அல்லாஹ்விடம். வழியை மறிக்காமல் இருப்பதுதான் நம்மிடம்” என்றார்.

அந்த வார்த்தை மறுநாளே எங்களைச் சோதித்தது. நடுவண்ணன் சிறு தையல் யூனிட் நடத்துகிறான். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறையில் மட்டுமே சாயத்துக்குத் துணி கொடுப்பது எங்கள் வழக்கம். அங்கே கழிவை வடிகட்டி, காய்ச்சி, நீரையும் உப்பையும் திரும்ப எடுப்பதால் கிலோவுக்குக் கூலி கூடுதல். திங்கட்கிழமை ஒருவர் வந்து, பில் இல்லாமல் கணிசமான குறைவுக்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. ஆர்டரில் லாபம் என்று இருந்ததே ஏறக்குறைய அந்தத் தொகைதான். மூவரும் இரவு வெகுநேரம் கணக்குப் போட்டோம். சங்கடமான கணக்கு, சுலபமாக மறுத்துவிட்டோம் என்று எழுதினால் அது பொய். கடைசியில் இளையவன்தான், “அந்த விலாங்கை விட்டது எதற்கு?” என்று கேட்டான். துணி வழக்கமான இடத்துக்கே போயிற்று. அந்த மாதம் கையைக் கடித்தது.

ஊர் முழுவதும் இருண்டுகிடக்கிறது என்று சொல்வதற்கில்லை. நல்லாறு வந்து நிறைக்கும் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்கிறோம், தூண்டில் இல்லாமல். அது பறவைகளின் ரிஸ்க். நொய்யலின் சில இடங்களில் மீன் துள்ளுவதைக் காண்கிறோம். பெரும்பாலும் எந்த நீரையும் தாங்கும் ஜிலேபிக் கெண்டை. அதுவும் உயிர்தான். பாட்டனாரின் தக்கையை இழுத்த மற்ற மீன்கள் இன்னும் திரும்பவில்லை.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, நம்முள் பலருடைய வீட்டு அடுப்பு இந்தச் சாயத்தால்தான் எரிந்தது, இன்றும் எரிகிறது. தொழிலைக் குறைசொல்ல நாங்கள் எழுதவில்லை. அத்தொழிலின் பிள்ளைகள் நாங்கள். பன்றி இறைச்சியையும் வட்டியையும் விலக்கத் தெரிந்த நாம், இரவில் திறந்த மதகையும் அதே தராசில் வைக்கவேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். யாருடைய கிணற்றிலாவது நம் பங்கு உப்பு இருந்தால், அவர் உயிரோடிருக்கும்போதே போய்க் கேட்டுவிடுவோம். மறுமையில் கேட்டால் கொடுப்பதற்கு நன்மைகளைத் தவிர வேறு நாணயம் இருக்காது.

அத்தா இப்போதும் பஜ்ருக்கு முன் காவிரிப் பக்கம் நடந்துபோய்த்தான் உளூச் செய்கிறார். என்றேனும் ஒருநாள் நொய்யலிலேயே இறங்கி முகம் கழுவிவிட்டு வருவார் என்று நாங்கள் காத்திருக்கிறோம். அந்த நாளை அவருடைய ஹயாத்திலேயே காட்டுமாறு வல்ல ரஹ்மானிடம் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.